சுடுவது பொம்மை... உதைப்பது நிஜம்!

"என்னங்க... கிச்சன்ல புஸ்ஸுனு சத்தம் வருதே, கேஸ் லீக் ஆவுதா?"

"லீக் இல்லம்மா, நான்தான் கேஸ் அடிச்சுக்கிட்டிருக்கேன்."

"லைட்டருக்கா?"

"இல்ல... துப்பாக்கிக்கு!"

சாம்பார்க் கரண்டியோடு வந்து நின்ற என் மனைவியின் முகத்தை எந்த ஓவியராலும் வரைய முடியாது.

நான் வேலை பார்ப்பது டோக்கியோவில். குடியிருப்பது நிஷி-கசாய். கம்ப்யூட்டர் வேலைக்காக வந்த நம்மவர்கள் கூட்டம் கூட்டமாகக் குடியேறிய பேட்டை. கறிவேப்பிலை கிடைக்கும், தோசை கிடைக்கும். எனவே ஊர் ஏக்கம் அவ்வளவாகக் கிடையாது. ஒன்றைத் தவிர... மெரினாவில் பலூன் சுடுவது! வளைந்த குழல், ஆடும் பலகை, பத்துக் குண்டுக்கு இரண்டு பலூன் என்ற கணக்கில் தோற்றுப்போய் வீடு திரும்பிய மாலைகள்... அந்த நமைச்சல் கைவிரலில் அப்படியே இருந்தது.

ஒரு சனிக்கிழமை அகிஹாபாரா பக்கம் போனேன். ஒரு கடையின் கண்ணாடி அலமாரியில் வரிசையாகக் கைத்துப்பாக்கிகள். பெரெட்டா, க்ளாக், 1985 வரை அமெரிக்க ராணுவம் இடுப்பில் சுமந்த 1911... எதைப் பார்த்தாலும் அசல் மாதிரி. கடைக்காரப் பெரியவர் ஒன்றை எடுத்து, இரண்டு கையாலும் பவ்யமாக நீட்டினார். சுட்டுப் பார்த்தேன். துப்பாக்கியின் மேல்பாகம் 'டபக்'கென்று பின்னால் பாய்ந்து திரும்பி வந்து, மணிக்கட்டில் ஓர் உதை விட்டது. வெளியே போனதோ, மிளகைவிடக் கொஞ்சம் பெரிசாக ஒரு பிளாஸ்டிக் குண்டு!

ஏர்சாஃப்ட் என்கிறார்கள் இந்த வகையை. அதில் சுட்டதும் பின்னால் உதைக்கும் இந்த ரகத்துக்கு 'கேஸ் ப்ளோபேக்' என்று பெயர். அன்றைக்கே ஒன்று வாங்கிவிட்டேன். எவ்வளவு என்று மனைவி கேட்டபோது யென்னில்தான் சொன்னேன். ரூபாயில் சொல்லும் தைரியம் இல்லை.

சட்டம் பெற்ற பிள்ளை

ஜப்பானில் சாதாரண ஆள் நிஜக் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்வது நடக்காத காரியம். 1958-ல் வந்த துப்பாக்கி - வாள் சட்டம் அவ்வளவு கறார். ஆனால், ஆசையைச் சட்டம் போட்டுத் தடுக்க முடியுமா? பொம்மைத் துப்பாக்கிகள் வந்தன. அவையும் உலோகத்தில், அசலை உரித்து வைத்த மாதிரி! சர்க்கார் விழித்துக்கொண்டது. 1971-ல் இன்னொரு கட்டுப்பாடு... உலோகத்தில் கைத்துப்பாக்கி மாதிரி செய்தால் வெள்ளையோ மஞ்சளோ பூசி, குழலை அடைத்துவிட வேண்டும்.

'உலோகம்தானே கூடாது? பிளாஸ்டிக்கில் செய்கிறோம்' என்று இறங்கினார்கள் ஜப்பான்காரர்கள். அங்கேதான் யோகம் அடித்தது. மேலே ஓடும் ஸ்லைடு பிளாஸ்டிக்காக இருந்தால் எடை குறைவு. எடை குறைவென்றால் சாதுவான வாயுவே அதைத் தள்ளிவிடும். தடையே ஒரு நல்ல டிசைனைப் பெற்றுப் போட்டுவிட்டது!

குண்டுக்கும் கட்டுப்பாடு உண்டு. 2006-ல் சட்டத்தைத் திருத்தி, ஆறு மில்லிமீட்டர் குண்டின் சக்தி சுமார் 0.98 ஜூலைத் தாண்டக்கூடாது என்று வைத்தார்கள். ஜூல் என்றால் பயப்படாதீர்கள். நூறு கிராம் கொய்யாப்பழம் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் அதுதான் 0.98 ஜூல். இவ்வளவுதானா என்கிறீர்களா? அந்தக் கொய்யாவின் அடி முழுவதும் ஒரு மிளகளவு இடத்தில், மணிக்கு 350 கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் இறங்கினால்..? தோலில் பட்டால் சிவந்து தடிக்கும். கண்ணில் பட்டால் கண் போய்விடும். அதனால்தான் கண்ணாடி மாட்டாமல் எந்த மைதானத்திலும் உள்ளே விடமாட்டார்கள்.

மேகஸினுக்குள் ஒரு ஃபிரிட்ஜ்

மேகஸின் என்றதும் இப்போது உங்கள் கையில் இருப்பதை நினைக்காதீர்கள். துப்பாக்கியின் கைப்பிடிக்குள் சொருகும் பெட்டிக்கும் அதே பெயர்தான். (இரண்டிலும் சரக்கு தீர்ந்தால் மதிப்பில்லை!)

அந்தப் பெட்டியின் முன்பக்கம் ஸ்பிரிங் அழுத்தத்தில் குண்டுகள். பின்பக்கம் திரவ நிலையில் வாயு. விசையை இழுத்தால் சுத்தியல் விழுந்து, மேகஸின் வால்வை ஒரு தட்டுத் தட்டும். வாயு சீறிக்கொண்டு மேலே ஏறும். முதல் வேலை, குண்டைக் குழல் வழியாகத் துரத்துவது. அது கிளம்பியதும் உள்ளே ஒரு குட்டி வால்வு முன்வாசலைச் சாத்திவிடும். மிச்ச வாயு என்ன செய்யும்? பின்பக்கம் திரும்பி ஸ்லைடை உதைக்கும். அது பின்னால் போகிற போக்கில் சுத்தியலை மறுபடி நிமிர்த்திவிட்டு, ஸ்பிரிங் இழுக்கத் திரும்பி வரும்போது அடுத்த குண்டை வாயில் கவ்விக்கொண்டு வரும். ஒரே மூச்சுக் காற்றில் இரண்டு வேலை! கண் சிமிட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

குழலின் வாயில் ஒரு சின்ன ரப்பர் மேடு உண்டு. கிளம்பும் குண்டின் தலையை அது லேசாக வருட, குண்டு பின்பக்கமாகச் சுழன்றுகொண்டே போகும். டேபிள் டென்னிஸில் பந்தைக் கீழ்ப்பக்கமாகச் சீவி அடித்தால் மிதந்துகொண்டே போகுமே, அதே தத்துவம். இதற்கு 'ஹாப்-அப்' என்று பெயர். இந்த வருடல் இல்லாவிட்டால் கால் கிராம் பிளாஸ்டிக் சீக்கிரமே தரையைப் பார்த்துவிடும்.

சரி, என்ன வாயு? ஜப்பானில் பெரும்பாலும் 134ஏ. கார் ஏ.ஸி.யிலும் ஃபிரிட்ஜிலும் காலம் காலமாக ஓடிய அதே ஆசாமி. சுபாவமும் அதேதான். திரவம் ஆவியாகும்போது சுற்றியுள்ள சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். 'டப் டப் டப்'பென்று வேகமாகச் சுட்டால் மேகஸின் ஐஸ் மாதிரி ஆகிவிடும். அப்புறம் துப்பாக்கிக்கு மூச்சு வாங்கும். 20 டிகிரியில் இதன் அழுத்தம் வெளிக்காற்றைப் போல் ஐந்தரை மடங்கு. 35 டிகிரியில் கிட்டத்தட்ட ஒன்பது. பூஜ்யம் டிகிரியிலோ மூன்றுக்குள் சுருங்கிவிடும். டோக்கியோ ஜனவரியில் என் துப்பாக்கி 'ப்ஸ்க்' என்று தும்மிவிட்டு, ஸ்லைடைப் பாதியில் நிறுத்திக்கொண்டு என்னைப் பரிதாபமாகப் பார்க்கும்.

இதில் ஓர் உறுத்தலும் உண்டு. பூமியைச் சூடாக்குவதில் 134ஏ, கரியமில வாயுவைப் போல் 1,400 மடங்குக்கு மேல். 400 கிராம் கேன் ஒன்றைத் தீர்ப்பது, அரை டன்னுக்கு மேல் கரியமில வாயுவைக் காற்றில் விடுவதற்குச் சமம். கெடுதல் குறைந்த புது வாயுக்கள் கடைக்கு வந்துகொண்டிருக்கின்றன. விலைதான் கொஞ்சம் கூட.

யார் கெட்டிக்காரர்?

'எதை வாங்கலாம்?' இந்தக் கேள்வியைக் கேட்டால் நாலு பேர் அஞ்சு பதில் சொல்வார்கள். நான் கைபோட்டுப் பார்த்தவரை விஷயம் இதுதான்.

டோக்கியோ மாருய்: 1965-ல் ஆரம்பித்த ஜப்பான் கம்பெனி. பிளாஸ்டிக் ஸ்லைடு. தட்டினால் 'டொக் டொக்' என்று சோப்பு டப்பா சத்தம்தான் வரும். ஆனால், பெட்டியைப் பிரித்த நிமிஷமே நேராகச் சுடும். சாதுவான வாயுவிலேயே சுறுசுறுப்பாக ஓடும். இவர்களுடைய 'ஹை-கேப்பா' ரகத்துக்கு வேறு கம்பெனிகள் செய்யும் உதிரிப் பாகங்களைக் கொண்டே இன்னொரு முழுத் துப்பாக்கி கட்டிவிடலாம். போட்டிக்குப் போகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் எடுக்கிறார்கள். முதல் துப்பாக்கிக்கு என் ஓட்டும் இதற்கே.

கே.எஸ்.ஸி., வெஸ்டர்ன் ஆர்ம்ஸ்: இவர்களும் ஜப்பான்தான். சுடுவதைவிட அழகு பார்ப்பவர்களின் செல்லங்கள். அசலின் ஒவ்வொரு திருகையும் நகல் எடுத்திருப்பார்கள். 1990-களில் வெஸ்டர்ன் ஆர்ம்ஸின் 'மாக்னா' முறையில் வந்த உதையைப் பற்றிப் பழைய ரசிகர்கள் இன்னும் கதை கதையாகச் சொல்கிறார்கள்.

டபிள்யூ.இ., கே.ஜே. வொர்க்ஸ்: தைவான் சரக்கு. ஜப்பான் சட்டம் அங்கே இல்லை. எனவே உலோக ஸ்லைடு. எடுத்தால் கனம், சுட்டால் கணீர். கனமான ஸ்லைடைத் தள்ள வலுவான வாயு வேண்டுமே? 'கிரீன் கேஸ்' போடுகிறார்கள். பேர்தான் பச்சை... உள்ளே இருப்பது பெரும்பாலும் புரொப்பேன், அதாவது நம் அடுப்பு சிலிண்டரின் பங்காளி! 20 டிகிரியில் வெளிக்காற்றைப் போல் எட்டு மடங்கு அழுத்தம். தீயும் பிடிக்கும். இந்த ரகங்களைச் சில சமயம் வாங்கியபின் கொஞ்சம் தேய்த்து, சரிசெய்து பழக்க வேண்டும்.

கரியமில வாயுக் குப்பியில் ஓடும் ரகமும் உண்டு. 12 கிராம் குப்பி. குளிருக்கு அசராது. ஆனால், குப்பிக்குள் வெளிக்காற்றைப் போல் 56 மடங்கு அழுத்தம். அதைத் தாங்கும்படி செய்த துப்பாக்கியில்தான் போட வேண்டும்.

அடிப்படை விதி ஒன்றுதான். எந்த வாயுவுக்காகச் செய்தார்களோ, அந்த வாயுவை மட்டும் கொடுங்கள். பிளாஸ்டிக் ஸ்லைடுக்கு முரட்டு வாயு ஏற்றினால் பத்து நாள் பிரமாதமாக உதைக்கும். பதினோராம் நாள் ஸ்லைடில் விரிசல் தெரியும்.

குக்கர் காஸ்கெட் வைத்தியம்

முதல் துப்பாக்கியை மூன்றே மாதத்தில் நான் கெடுத்தேன். தப்பு முழுக்க என்னுடையது. வாயு ஒழுகியது; ஸ்லைடு சோம்பல் பட்டது; குண்டு எங்கோ போயிற்று. ஆபீஸில் கோயமுத்தூர் அண்ணன் ஒருவர் இருக்கிறார். வீட்டில் லேத் பட்டறை பார்த்து வளர்ந்தவர். கொண்டுபோய்க் காட்டினேன்.

"இதுக்கு என்ன எண்ணெய் போட்டீங் தம்பி?"

"தையல் மிஷின் எண்ணெய்ண்ணா. நல்லாத்தானே ஓடும்?"

"போச்சுங்! இது மிஷின் இல்லீங், குக்கருங்! குக்கர் காஸ்கெட்டுக்கு யாராச்சும் மிஷின் எண்ணெய் தடவுவாங்களா?"

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு. இந்தத் துப்பாக்கியின் உயிர் உலோகத்தில் இல்லை. நாலைந்து ரப்பர் வளையங்களில் இருக்கிறது. மிஷின் எண்ணெய் சில வகை ரப்பரை உப்ப வைத்துவிடும். பிளாஸ்டிக்குக்கும் ஆகாது. தேவை சிலிக்கான் எண்ணெய் மட்டும்தான்.

அண்ணன் மேகஸினில் கொஞ்சம் வாயு அடித்து, ஒரு டம்ளர் தண்ணீரில் அமுக்கினார். அடித்தட்டிலிருந்து முத்து முத்தாகக் குமிழி. நம் ஊர் சைக்கிள் கடையில் டியூபை வாளித் தண்ணீரில் முக்கிப் பஞ்சர் பார்ப்பார்களே, அதேதான்! மிச்ச வாயுவை முழுக்க வெளியேற்றிவிட்டுத் திறந்தார். உள்ளே ரப்பர் வளையம் ஒன்று உப்பி, மடங்கிப் படுத்திருந்தது. புதுசு மாற்றி, துளி சிலிக்கான் தடவி மூடினார். குமிழி போயே போச்சு.

அடுத்து குழல். நான் சகட்டுமேனிக்கு எண்ணெய் அடித்ததில் ஹாப்-அப் ரப்பர் வழுக்குப்பாறை ஆகியிருந்தது. வருடல் இல்லை, சுழற்சி இல்லை, குண்டுக்குத் திசையும் இல்லை. குச்சியில் சுத்தமான துணியைச் சுற்றி, குழலை உலர்வாகத் துடைத்து எடுத்ததும் மறுபடி நேராகச் சுட ஆரம்பித்தது.

"எண்ணெய் போடறதுல கெட்டிக்காரத்தனம் இல்லீங் தம்பி. எங்க போடக்கூடாதுன்னு தெரிஞ்சுக்கறதுலதான் இருக்குது" என்றார் அண்ணன்.

அண்ணன் சொன்ன பராமரிப்புப் பாடம்

● கழற்றுமுன் மேகஸினை உருவுங்கள். ஸ்லைடை இழுத்து, உள்ளே குண்டு இல்லை என்பதைக் கண்ணால் பாருங்கள். 'நேத்தே எடுத்துட்டேனே' என்ற ஞாபகசக்தியை நம்பாதீர்கள்.

● வாயு ஏற்றும்போது மேகஸினைத் தலைகீழாகப் பிடித்து, கேனையும் கவிழ்த்து நேராக அழுத்துங்கள். அடுப்புப் பக்கம் வேண்டவே வேண்டாம். (கிச்சனில் செய்த நான் பட்ட பாடு போதும்.) வாய்வரை நிரப்பாதீர்கள். ஆவிக்கு இடம் வேண்டும்.

● சிலிக்கான் எண்ணெய் வால்வுக்கும், மேகஸின் உச்சி ரப்பருக்கும், ஸ்லைடு ஓடும் தண்டவாளத்துக்கும் துளித் துளி. குழலுக்குக் கிடையாது.

● குழலுக்கும் குண்டுக்கும் உள்ள இடைவெளி மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு சுமார்தான். தரையில் விழுந்த குண்டைப் பொறுக்கிப் போட்டு மிச்சம் பிடிக்காதீர்கள். ஒரு மணல் துகள் போதும், குழல் கீறிவிடும்.

● எடுத்து வைக்கும்போது குண்டுகளை எடுத்துவிடுங்கள், ஸ்பிரிங் இளைப்பாறட்டும். மேகஸினில் மட்டும் துளி வாயு இருக்கட்டும். ரப்பர் வளையங்கள் இடம் பிடித்து உட்கார்ந்திருக்கும் என்பது அனுபவசாலிகள் வாக்கு.

● குளிரில் மேகஸினைச் சட்டைப்பையில் வைத்து உடம்புச் சூட்டில் பழக்குங்கள். அடுப்பிலோ ஹீட்டரிலோ காட்டாதீர்கள். கேனை 40 டிகிரிக்கு மேல் போகவிடக்கூடாது. வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்கவே கூடாது.

பொம்மையில் பழகி உலகக் கோப்பை!

'இவ்வளவு பாடுபட்டு என்ன பிரயோஜனம்?' இது என் மனைவியின் கேள்வி மட்டுமல்ல, உங்களுடையதாகவும் இருக்கலாம். பதில் ஒரு ஜப்பான்காரர்.

தத்ஸுயா சகாய். நிஜத் துப்பாக்கி கிடைக்காத நாட்டில் பிறந்தவர். வருஷக்கணக்காக ஏர்சாஃப்டிலேயே பழகினார். துப்பாக்கியை உறையிலிருந்து உருவுவது, விசையை நோகாமல் இழுப்பது, ஒரு குறியிலிருந்து அடுத்த குறிக்குக் கண்ணை நகர்த்துவது... எல்லாமே பிளாஸ்டிக் குண்டில். 2004-ல் அமெரிக்கா போனார். அங்கே 'ஸ்டீல் சேலஞ்ச்' என்று ஒரு வேகப் போட்டி. ஐந்து இரும்புத் தட்டுகளை யார் சீக்கிரம் அடிக்கிறார்கள் என்பது பந்தயம். துப்பாக்கியோடே வளர்ந்த அமெரிக்கர்களுக்கு நடுவில் நின்று, பட்டத்தைத் தட்டிக்கொண்டு வந்துவிட்டார்!

2018-ல் ஹாங்காங்கில் ஏர்சாஃப்டுக்கென்றே தனியாக உலகச் சுடும் போட்டி நடந்தது. பொம்மை என்று யாரும் சிரிக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை

இதுவரை சிரித்துக்கொண்டு எழுதினேன். இனி சொல்லப்போவது சிரிக்கிற விஷயமில்லை.

போன வருஷம் ஒரு ஞாயிறு. துப்பாக்கியைத் துடைத்து, மேகஸினைத் தனியே எடுத்து, மேஜைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். 'காலித் துப்பாக்கிதானே...' என்ற நினைப்பு. ஜப்பானில் இது 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான சமாசாரம். என் மகனுக்கு வயது ஒன்பது. எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய், எதிர்க் கட்டடத்து மாடியில் உட்கார்ந்திருந்த காக்காயைக் குறி பார்த்திருக்கிறான். காக்காய்க்குப் பின்னால் ஜன்னல். ஜன்னலில் ஒரு பாட்டியம்மா.

நான் தலை துவட்டிக்கொண்டு வெளியே வந்தபோது வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள்.

கத்தவில்லை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். துப்பாக்கியைப் பார்த்தார்கள், குழலைப் பார்த்தார்கள், என் விலாசத்தைக் குறித்துக்கொண்டார்கள். மூத்தவர் கடைசியில் சொன்னார்... "அந்த அம்மா பயந்தது தப்பில்லை. அவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தால் எங்களுக்கும் வித்தியாசம் தெரியாது."

அன்றைக்குக் குனிந்த மாதிரி என் முதுகு கல்யாண மேடையில்கூடக் குனிந்ததில்லை. பழக்கூடையோடு எதிர்க் கட்டடம் போய், பாட்டியம்மாவிடமும் குனிந்துவிட்டு வந்தேன். மகன் இரண்டு நாள் பேசவில்லை.

எனக்கு இரண்டு நாள் தூக்கம் இல்லை. காரணம், கிளீவ்லாந்து.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து ஊர் அது. 2014 நவம்பர் 22. தமீர் ரைஸ் என்ற பையன், வயது பன்னிரண்டு, பூங்காவில் ஏர்சாஃப்ட் கைத்துப்பாக்கியோடு விளையாடிக்கொண்டிருந்தான். அது பொம்மை என்று காட்டுவதற்காகக் குழல் முனையில் இருக்கவேண்டிய ஆரஞ்சு வண்ணம் அதில் இல்லை. யாரோ போலீஸுக்குப் போன் செய்தார்கள். 'அநேகமாகப் பொம்மையாக இருக்கும்' என்றும் சொன்னார்கள். அந்த வார்த்தை, வந்த போலீஸ்காரர்களிடம் போய்ச் சேரவில்லை. கார் வந்து நின்ற சில விநாடிகளில் குண்டு பாய்ந்தது. மறுநாள் பையன் இறந்துபோனான். 2016-ல் நகர நிர்வாகம் அந்தக் குடும்பத்துக்கு அறுபது லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது. எத்தனை டாலர் கொடுத்து என்ன?

டோக்கியோவில் போலீஸ்காரர் செருப்பைக் கழற்றினார். கிளீவ்லாந்தில் துப்பாக்கியை எடுத்தார். இரண்டு பிள்ளைகளின் கையிலும் இருந்தது பொம்மைதான். என் பிள்ளை பிழைத்தது என் சாமர்த்தியத்தால் அல்ல, அவன் நின்ற ஊரின் தயவால்.

ரப்பர் வளையத்துக்கு எண்ணெய் போடுவது பாதிப் பராமரிப்புதான். மீதிப் பாதி ஒரு பூட்டு என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. நிஜம் மாதிரியே இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டுக் காசு கொடுக்கிறோம். அப்படியானால் நிஜத்துக்குள்ள மரியாதையையும் அதற்குக் கொடுத்தாக வேண்டும். வெளியே எடுத்துப் போனால் உறைக்குள், பைக்குள். வீட்டில் பெட்டிக்குள். விளையாட்டு மைதானத்துக்குள் மட்டும். 'ஊருக்கு வரும்போது எனக்கு ஒண்ணு வாங்கிட்டு வாங்க மாமா' என்று திருச்சியிலிருந்து கேட்ட அக்கா மகனுக்கு, பேனா வாங்கிப் போனேன்.

இப்போது என் துப்பாக்கி, நம்பர் பூட்டுப் போட்ட சூட்கேஸில் தூங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குக் கிளம்பும்போது நான் போய் நிற்பேன். மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து, எனக்கு முதுகைக் காட்டி நின்று, பூட்டைத் திறந்து தருவாள். சாயங்காலம் எண்ணி வாங்கிக்கொண்டு பூட்டிவிடுவாள்.

பூட்டின் நம்பர் என்ன என்று இந்த நிமிஷம் வரை எனக்குத் தெரியாது!